கிரீன்லாந்துக்கு வாசித்தே போய்வருவது எப்படி? பயண நூல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்றொரு சின்ன நாடு. 1950களின் கடைசியில் அங்கே ஒரு பையன் தேங்காய் பறிக்கத் தென்னை மரம் ஏறினான். மேலே பாம்பு. பயந்துபோய்க் கீழே விழுந்தான். உடம்பு தேறவில்லை. வீட்டார் அவனை மலைப்பாம்பை வழிபடும் பூசாரி அம்மாளிடம் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான், ஆனால் அதற்கு ஈடாக அவனும் அந்தத் தெய்வத்துக்கே பூசாரியாக வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அந்த நாட்களில்தான் லோமே நகரத்தில், மிஷனரிகள் நடத்திய புத்தகக் கடையில் அவன் ஒரு புத்தகத்தைப் பார்த்தான். எஸ்கிமோக்களைப் பற்றியது. வாங்கி ஒரே மூச்சில் படித்தான். பனி நாடு. ஏறுவதற்கு மரம் கிடையாது. முக்கியமாக, பாம்பு கிடையாது. வீட்டைவிட்டு ஓடினான்.

அவன் பெயர் தேத்தே மிஷெல் க்போமாசி. கிடைத்த வேலையைச் செய்து, தபால் வழியில் மொழி கற்று, நாடு நாடாக மேலே ஏறி அவர் கிரீன்லாந்தில் காலை வைக்க எட்டு ஆண்டுகளுக்கு அருகே பிடித்தது. இறங்கியது 1965இல். அதைப் புத்தகமாகப் பிரெஞ்சில் வெளியிட்டது 1981இல்.

அவர் போனார். நாம் போகப்போவதில்லை. டிக்கெட் விலையும் லீவும் அப்படி. ஆனால் சட்டென்று பார்த்துவிட்டு வருகிறவரைவிட ஆழமாக அந்த நாட்டை அறிந்துகொள்ள வழி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயண நூல்களைப் படித்து நான் கண்ட ஒரே விஷயம் இதுதான்: ஒரு பயண நூலைப் படித்தால் நமக்குக் கிடைப்பது அந்தப் பயணி. ஒரே இடத்தைப் பற்றி நாலு பேர் எழுதியதைப் படித்தால்தான் அந்த இடம் கிடைக்கும். அதை எப்படிச் செய்வது என்று கிரீன்லாந்தை வைத்தே சொல்கிறேன். உங்களுக்குத் திபெத் பிடித்தால் திபெத், சகாரா பிடித்தால் சகாரா. முறை ஒன்றுதான்.

1. முதலில் இடம், அப்புறம் புத்தகம்

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு பயண நூல்கள்' என்ற வகைப் பட்டியலை நம்பியது. இந்த மாதம் படகோனியா, அடுத்த மாதம் மங்கோலியா, அதற்கடுத்து காங்கோ நதி. வருடக் கடைசியில் பார்த்தால் மண்டையில் நின்றது எழுதியவர்களின் பெயரும் அவர்களுடைய வயிற்றுப்போக்கும்தான். ஊர் எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஆகவே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மாதம் அங்கேயே உட்காருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் அங்கே போய் எழுதியிருக்க வேண்டும். இரண்டு, அந்த ஊர்க்காரர்கள் தாங்களே எழுதியதோ சொன்னதோ கொஞ்சமாவது படிக்கக் கிடைக்க வேண்டும். மூன்று, உங்களுக்கு ஏதாவது ஒரு சொந்தக் குறுகுறுப்பு இருக்க வேண்டும். எனக்குக் கிரீன்லாந்து பிடித்ததற்குக் காரணம் சித்திரை வெயில்தான், வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை.

2. உலக உருண்டையை எடுங்கள்

தட்டையான உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரியும். அது அந்தப் படம் வரையப்படும் முறையால் வரும் கோளாறு. துருவத்தை நெருங்க நெருங்க நிலம் இழுத்து விரிக்கப்பட்டுவிடும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு. கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் ஐந்தில் நாலு பங்கு பனிப்பாளம். மீதி ஓரத்தில் வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 57,000 பேர். நம் பக்கத்து நடுத்தர நகராட்சி ஒன்றின் மக்கள்தொகை அவ்வளவுதான். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால், பக்கத்து ஊருக்குப் போவதை ஏன் இவர்கள் இவ்வளவு பெரிய காரியமாக எழுதுகிறார்கள் என்பது தானாகப் புரியும்.

படம் இல்லாமல் படித்து நான் பட்ட பாடு ஒன்று. நார்வேக்காரர் நான்சென் 1888இல் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தைக் குறுக்காகக் கடந்ததைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். உள்ளே மடித்து வைத்திருந்த வரைபடத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். பரவாயில்லை என்று படித்தேன். அவர் மேற்குக் கரையிலிருந்து கிளம்பினார் என்றே பாதிப் புத்தகம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழ். அவருடைய திட்டத்தின் சூட்சுமமே ஆளரவமில்லாத கிழக்குக் கரையில் இறங்குவதுதான். சாப்பாடும் ஊரும் மேற்கில் இருக்கின்றன, பின்னால் எதுவும் இல்லை. திரும்பிப் போகலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. இது தெரியாமல் படித்தால் அந்தப் புத்தகம் வெறும் நடை.

வரைபடத்தோடு சேர்த்து ஒரு பெயர்ப் பட்டியலும் வேண்டும். பழைய நூல்களில் டேனிஷ் பெயர்கள் இருக்கும், இன்றைய படங்களில் அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் இருக்கும். கோட்ஹோப் என்றால் இன்றைய நூக். யூலியானஹோப் என்றால் காகொர்தோக். யாகோப்ஸ்ஹாவ்ன் என்றால் இலுலிசாத், அதற்குக் கடலில் மிதக்கும் பனிமலைகள் என்று பொருள். தூலே மட்டும் வில்லங்கம். அமெரிக்க விமானத் தளத்துக்காக 1953இல் அங்கிருந்த குடும்பங்களை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே காணாக் என்ற இடத்துக்குப் பெயர்த்துவிட்டார்கள். ஆகவே 1953க்கு முன் எழுதிய நூலில் வரும் தூலேயும் பின் எழுதியதில் வரும் தூலேயும் ஒரே ஊர் அல்ல. ஒரு பெயர் மாறியிருந்தால் ஏன் என்று தேடுங்கள். பாதி வரலாறு அங்கேயே கிடைத்துவிடும்.

'எஸ்கிமோ' என்ற சொல்லும் அப்படித்தான். பழைய நூல்கள் எல்லாவற்றிலும் வரும். இன்று அவர்களில் பலர் அதை இழிவாகக் கருதுகிறார்கள். கிரீன்லாந்தில் தங்களைக் கலாலித் என்கிறார்கள், பொதுவாக இனுயித். இனுயித் என்றால் மனிதர்கள் என்றுதான் பொருள்.

3. முதல் புத்தகம்: பென்சிலைத் தொடாதீர்கள்

முதல் புத்தகத்தைக் கதை படிப்பது போலவே படியுங்கள். குறிப்பு வேண்டாம், அடிக்கோடு வேண்டாம். யாருடைய புத்தகம் முதலில் என்பதுதான் முக்கியம். வழக்கமான ஐரோப்பியப் பயணியை விட்டுவிட்டு, அந்த இடத்துக்குக் கொஞ்சமும் எதிர்பாராத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அதனால்தான் க்போமாசி.

அவர் காகொர்தோக்கில் கப்பலை விட்டு இறங்கும் இடத்தைப் பாருங்கள். துறையில் ஊரே நிற்கிறது. அவரைப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது. சில பிள்ளைகள் அழுகிறார்கள், சிலர் அம்மாவின் பின்னால் ஒளிகிறார்கள். மலையிலிருந்து ஆவி இறங்கி வந்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. வந்தவர் ஊர்க்காரர்களை வேடிக்கை பார்ப்பதுதான் பயண நூல்களில் வழக்கம். இங்கே வந்தவர்தான் வேடிக்கைப் பொருள். அதை அவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். பிள்ளைகளை அடிக்காத, அதட்டாத சமூகத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படுவதும், தன் ஊரில் பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு இல்லையே என்று ஒப்பிடுவதும் ஒரு ஐரோப்பியர் எழுதியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது. பல இடங்களில், அட, இது நம் வீட்டுக் கதையாக இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும்.

இன்னொரு இடம். வடக்கே உபெர்னாவிக் பக்கம், புல்தரையை வெட்டி அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டில் வயதான மனிதர் ஒருவரோடு தங்குகிறார். உள்சுவர் முழுக்கப் பத்திரிகைப் பக்கங்கள் ஒட்டியிருக்கின்றன. குளிருக்கும் ஈரத்துக்கும் எல்லாரும் தாள் ஒட்டுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டே வாசிக்கும்போது, அந்தப் பெரியவர் அதைத் தன் நூலகம் என்கிறார். டோகோவில் கிரீன்லாந்தைப் பற்றி வாசித்துவிட்டு ஒருவர் கிளம்பி வந்தால், கிரீன்லாந்தில் ஒருவர் உலகத்தையே சுவரில் ஒட்டி வாசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட அரைமணி நேரம் ஆனது. இப்படி ஒரு பக்கம் உங்களை நிறுத்தினால் புத்தகத்தை மூடிவிட்டு உட்காருங்கள். இந்தப் படியில் அவசரம் எதுவும் இல்லை.

4. எழுதியவரிடம் ஐந்து கேள்வி

முதல் வாசிப்பு முடிந்ததும் புத்தகத்தை மறுபடி புரட்டி, இந்த ஐந்துக்கும் பதில் தேடுங்கள். காசு யார் கொடுத்தது? அந்த ஊர்ப் பேச்சு இவருக்கு எவ்வளவு தெரியும்? மூட்டையை யார் சுமந்தது, வண்டியை யார் ஓட்டியது? போன பிறகு எத்தனை வருடம் கழித்து எழுதினார்? யார் படிப்பதற்காக எழுதினார்?

காசைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அரசனும் சங்கமும் பத்திரிகையும் கொடுத்த காசுக்கு, திரும்பி வந்து ஏதாவது கண்டுபிடித்ததாகக் காட்டியே ஆக வேண்டும். காசில்லாதவர் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் தூங்குவார். அதனாலேயே அவருக்கு அடுப்படி தெரியும்.

காலம்தான் பலரும் கவனிக்காதது. பேட்ரிக் லீ ஃபெர்மர் 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்திலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்கு நடந்தே கிளம்பினார். வழியில் மியூனிக்கில் பையோடு முதல் குறிப்பேடும் திருடு போனது. அந்த நடையின் முதல் பாகம் புத்தகமாக வந்தது 1977இல். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அவ்வளவு நுணுக்கமாக வரும் உரையாடல்களை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பது குற்றமில்லை. அதனால் நூல் கெட்டுப்போகாது. ஆனால் நாம் வாசிப்பது 18 வயதுப் பையனையா, அவனை நினைத்துப் பார்க்கும் அறுபது வயதுக்காரரையா என்று தெரிந்து வாசிக்க வேண்டும்.

எழுதியது யார் கை என்பதும் இதில் சேர்த்தி. மார்கோ போலோ தன் கதையை ஜெனோவா சிறையில் ருஸ்திகெல்லோ என்ற கதாசிரியரிடம் சொல்லி எழுதவைத்தார். மொராக்கோக்காரப் பயணி இபின் பதூதா ஊர் திரும்பிய பின் இபின் ஜுஸய் என்பவரிடம் சொன்னார். கேப்டன் குக்கின் முதல் பயணத்தை 1773இல் அச்சுக்குக் கொண்டுவந்த ஹாக்ஸ்வொர்த் என்பவர், குக்கின் நாட்குறிப்பையும் கூடப்போன பேங்க்ஸின் நாட்குறிப்பையும் ஒன்றாகக் கலந்து, எல்லாவற்றையும் குக்கே 'நான்' என்று சொல்வது போல எழுதிவிட்டார். அந்த 'நான்' யார் என்று படித்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

5. நோட்டு: முதல், கரு, உரி

இந்தப் படிக்கு நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைப் பாட்டில் வைக்கும்போது மூன்றாகப் பிரிக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போவது கருப்பொருள். மனிதர்களின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததை இங்கே எடுத்து வைத்தால், இவ்வளவு நல்ல குறிப்பேடு வேறு எந்த ஊர்க்காரரிடமும் இல்லை என்று சொல்வேன். கொஞ்சம் தற்பெருமைதான், இருக்கட்டும்.

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். என் நோட்டில் கிரீன்லாந்து இப்படி இருக்கிறது. முதல்: பனிப்பாளம், பிளவுபட்ட கடற்கரை. பொழுது இடத்துக்கு இடம் வேறு. உபெர்னாவிக்கில் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல் சூரியன் எழாது, கோடையில் மறையாது. ஆனால் தெற்கே காகொர்தோக் ஆர்க்டிக் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் குளிர்காலத்திலும் கொஞ்ச நேரமாவது சூரியன் வரும். கிரீன்லாந்து முழுக்க ஆறு மாதம் இருட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் அது தப்பு என்று தெரிந்தது.

கரு: தெய்வம், கடலுக்கடியில் இருந்துகொண்டு வேட்டை விலங்குகளைப் பிடித்துவைத்திருக்கும் கடல்தாய். உணவு, சீல் இறைச்சி, திமிங்கிலத்தின் தோலும் அதோடு ஒட்டிய கொழுப்பும் சேர்ந்த மத்தாக். விலங்கு, சறுக்குவண்டி இழுக்கும் நாய், சீல், துருவக்கரடி. மரம் என்ற இடத்தில், குட்டை வில்லோ. பறை, கிலாத் என்ற தட்டுமேளம். சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தோலை அடிக்காமல் சட்டத்தின் ஓரத்தில் அடிப்பார்கள். சண்டை வந்த இருவர் ஊர் முன்னால் மேளத்தோடு மாறிமாறிப் பாடி ஒருவரை ஒருவர் கேலி செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

உரிப்பொருள் பத்திதான் கடைசிவரை காலியாகவே கிடக்கும். அது காலியாக இருப்பதே நல்ல அறிகுறி. ஒரு வாரம் தங்கியவர் எழுதிய நூலிலிருந்து அந்தப் பத்தியை நிரப்ப முடிந்தால் எழுதியவர் மீது சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த ஆண்டு என்று இரண்டு எழுத்தாவது போடுங்கள். பிறகு அதுதான் உதவும்.

6. இரண்டாவது புத்தகம்: கூடப்போனவர் சொன்னது

ஒரே பயணத்துக்கு இரண்டு சாட்சி கிடைத்தால் விடாதீர்கள்.

நான்சென் குழுவில் ஆறு பேர். அதில் பால்தோ, ராவ்னா என்ற இருவர் நார்வேயின் வடகோடியில் வாழும் சாமி இனத்தவர், கலைமான் வளர்ப்போடு தொடர்புள்ளவர்கள். கரையை அடைய முடியாமல் மிதக்கும் பனித்தட்டுகளில் பல நாள் தெற்கே அடித்துச் செல்லப்பட்டபோது, நான்சென் எழுத்தில் ஒரு நிதானம் இருக்கிறது. பால்தோவும் ராவ்னாவும் சாவு வந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தார்கள். நல்ல காரியமாக, பால்தோ சொன்னதையும் நான்சென் தன் நூலிலேயே சேர்த்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தலைவருக்குத் திட்டமாக இருந்தது மற்றவருக்கு என்னவாக இருந்தது என்று தெரியும். மேற்குக் கரைக்கு வந்த பிறகு, வில்லோக் குச்சிகளும் கூடாரத் துணியும் வைத்து ஒரு படகைக் கட்டிக்கொண்டு நான்சென் கோட்ஹோப் போய்ச் சேர்ந்தார். அந்த வருடத்தின் கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்க வேண்டி வந்ததால்தான் அவர் அந்த மக்களைப் பற்றித் தனியாக இன்னொரு நூல் எழுத முடிந்தது. கப்பலைத் தவறவிட்டது வாசகர்களான நமக்கு லாபம்.

பியரி, ஹென்சன் இருவரையும் சேர்த்துப் படிப்பது இதைவிடக் கூர்மையானது. வட துருவத்தை 1909 ஏப்ரல் 6 அன்று அடைந்ததாகச் சொன்னவர் ராபர்ட் பியரி. அவர் உண்மையிலேயே அடைந்தாரா என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. அவரோடு பல பயணங்களில் போன மேத்யூ ஹென்சன் ஒரு கறுப்பின அமெரிக்கர். இனுயித் மொழி பேசுவார், வண்டி கட்டுவார், நாய் ஓட்டுவார். கடைசிக் கட்டத்தில் பியரியோடு இருந்தது அவரும் ஊதா, எகிங்வா, சீக்லூ, ஊகேயா என்ற நான்கு இனுயித் ஆட்களும்தான். ஹென்சன் தன் நூலை 1912இல் வெளியிட்டார். அதன் முன்பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். முன்னுரை எழுதியவர் பியரியே. அறிமுகவுரை, கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன். தன் பழைய முதலாளி முன்னுரை தரும் புத்தகத்தில் ஒருவர் எதை எழுதுவார், எதை விழுங்குவார் என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

7. மூன்றாவது: வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் இதுவரை செய்தது பாதி வேலைதான்.

பியரி 1897இல் வடக்கு கிரீன்லாந்திலிருந்து ஒரு பெரிய விண்கல்லைக் கப்பலேற்றி நியூயார்க் கொண்டுபோனார். எடை சுமார் 31 டன். அந்தப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கற்களில் இருந்துதான் கத்திக்கும் ஈட்டிக்கும் இரும்பு எடுத்தார்கள். பின்னர் நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த விண்கற்களை 40,000 டாலருக்கு வாங்கியது. அதே கப்பலில் ஆறு இனுயித் மனிதர்களும் வந்தார்கள். சில மாதங்களில் நாலு பேர் நோயில் இறந்துபோனார்கள். ஒருவர் ஊர் திரும்பினார். மிஞ்சியது மினிக் என்ற சிறுவன். இறந்தவர்களில் அவன் அப்பா கிசுக்கும் ஒருவர். பையனின் மனத்திருப்திக்காக அருங்காட்சியகத்தார் ஒரு அடக்கம் நடத்திக் காட்டினார்கள். துணியும் தோலும் சுற்றிப் புதைத்தது ஒரு மரக்கட்டையை. அப்பாவின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் இருந்தது. வளர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொண்ட மினிக் அதைக் கேட்டுப் போராடினார், கிடைக்கவில்லை. 1909இல் கிரீன்லாந்து திரும்பியபோது சொந்த மொழியையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மறுபடி அமெரிக்கா போய் 1918 காய்ச்சலில் இறந்தார். அந்த நால்வரின் எலும்புகள் காணாக்குக்கு வந்து மண்ணில் சேர்ந்தது 1993இல்.

இதைப் படித்துவிட்டுப் பியரியின் வெற்றிக் கதையைத் திரும்ப எடுங்கள். அதே வரிகள்தான், ஆனால் நம் கண் வேறு இடத்தில் நிற்கும்.

வீட்டுக்காரர் குரல் என்றால் துயரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கிரீன்லாந்தில் கலாலித் மொழியிலேயே ஒரு பத்திரிகை 1861இல் தொடங்கியது. பெயர் அதுவாகாக்த்லியுதித், வாசிப்பதற்கானவை என்று பொருள். வண்ணப் படங்களோடு வந்த உலகின் ஆரம்பகாலப் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. தூரத்து மக்கள் நம்மைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். காங்கெக் என்ற ஊரில் ஆரோன் என்ற சீல் வேட்டைக்காரர் காசநோயில் படுத்த படுக்கையாகிவிட்டார். பழங்கதைகளைச் சேகரித்துக்கொண்டிருந்த ரிங்க் என்ற அதிகாரி அவருக்குத் தாளும் சாயமும் அனுப்பினார். படுக்கையிலிருந்தே அவர் வரைந்த ஓவியங்களும் மரச்செதுக்குகளும்தான் அந்தக் கதைகளுக்கு முகம் கொடுத்தன. அவற்றில் பலவற்றை இன்று இணையத்தில் பார்க்கலாம். சண்டையும் பேயும் கேலியும் கலந்து கிடக்கும். எந்தப் பயணியும் எழுதாத அளவுக்குச் சிரிப்பு அதில் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் க்னூத் ராஸ்முசென். 1879இல் இலுலிசாத்தில் பிறந்தவர், அம்மா வழியில் இனுயித் ரத்தம், அந்த மொழியிலேயே விளையாடி வளர்ந்தவர். 1921 முதல் 1924 வரை நாய்வண்டியில் வட அமெரிக்காவின் உச்சி முழுக்கப் போய்க் கதைகளையும் பாட்டுகளையும் சேகரித்தார். வெளியாள் எழுத்துக்கும் உள்ளாள் பேச்சுக்கும் நடுவே பாலம் வேண்டுமானால் இவரைப் போன்றவரைத் தேடுங்கள். எல்லா நாட்டுக்கும் ஒருவர் இருப்பார்.

8. சந்தேகப்படப் பழகுவது: நம் ஊரிலிருந்து தொடங்குங்கள்

தூரத்து இடத்தைப் பற்றி எழுதியது சரியா தப்பா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு சுலபமான பயிற்சி இருக்கிறது. வெளியாள் நம் ஊரைப் பற்றி எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

மார்கோ போலோ தமிழகத்தின் கிழக்குக் கரையை மாபார் என்கிறார். அங்கே மக்கள் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தை வாயில் வைக்காமல் மேலே தூக்கி ஊற்றிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார். அண்ணாந்து குடிப்பது! எழுநூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் நம் பாட்டி வீட்டுச் சொம்பு. இதைப் பார்க்காமல் யாரும் எழுத முடியாது. அதே நூலில், வியாபாரம் பேசும்போது ஒரு பிராணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துச் சகுனம் முடிவு செய்வார்கள் என்றும் வருகிறது. அந்தப் பிராணியை விஷச்சிலந்திக்குச் சொல்லும் பெயரால் குறிப்பிடுகிறது நூல். படிக்கும் வெளிநாட்டவர் குழம்பிப்போவார். நமக்கு ஒரு நொடி போதும்: பல்லி. பார்த்தது சரி, பெயர் தப்பு. அந்த மாநிலத்தில் தையல்காரரே கிடையாது, எல்லாரும் வெற்றுடம்பு என்பது மூன்றாவது வகை. கொஞ்சம் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லிவிடுவது.

பார்த்தது, பார்த்தும் பெயர் தவறியது, ஒரு பிடியை வைத்து ஊரையே அளந்தது. இந்த மூன்றையும் நம் ஊர் விஷயத்தில் பிரித்துப் பழகிவிட்டால், தெரியாத ஊரைப் பற்றிப் படிக்கும்போதும் மூக்கு வேலை செய்யத் தொடங்கும். நாலாவது வகை, அடுத்தவர் நூலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது. இபின் பதூதாவின் டமாஸ்கஸ், மெக்கா, மதீனா வருணனைகளில் கணிசமான பகுதி அவருக்கு 140 வருடம் முன்னால் போன இபின் ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்தில் அது இன்றைக்கு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய குற்றமில்லை. ஆனால் அவர் மதுரை சுல்தானின் கொடுமைகளை எழுதும் இடத்தில் யாரையும் பார்த்து எழுதவில்லை. அங்கே எழுத்தின் தொனியே வேறு.

ஒரு விஷயம் எழுதப்படாததாலேயே போகவில்லை என்று முடிவு கட்டுவதிலும் அவசரம் கூடாது. போலோ சீனப் பெருஞ்சுவரைச் சொல்லவில்லை என்று ஒரு புகார் உண்டு. இன்று நாம் படத்தில் பார்க்கும் சுவரின் பெரும்பகுதி அவருக்குப் பிறகு, மிங் காலத்தில் கட்டியது.

9. கிடைக்கும் இடம், மொழி, பாதியில் நிறுத்துவது

நான்சென், பியரி, ஹென்சன் போன்ற பழைய நூல்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டிலும் தேடிப் பாருங்கள், காசு தேவையில்லை. ஆர்க்கைவில் இருப்பவை பழைய அச்சின் படப்பிரதிகள் என்பதால் வரைபடமும் பெரும்பாலும் கூடவே இருக்கும். பதிப்பைப் பார்த்து எடுங்கள். சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுவது சமையலையும் சாமான் பட்டியலையும்தான். நமக்குக் கருப்பொருள் கிடைப்பது அங்கேதான்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயக்கமா? பயண நூலைப் போல இலகுவான வாசல் வேறில்லை. வாக்கியம் புரியாவிட்டாலும் ஆள் எங்கே நிற்கிறார் என்று வரைபடம் சொல்லிவிடும். ஒரு நாளுக்கு ஒரு நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவர் எங்கே கூடாரம் போடுகிறாரோ அங்கே நீங்களும் புத்தகத்தை மூடுங்கள். தமிழில் தொடங்க வேண்டுமென்றால் நூலகத்தில் ஏ. கே. செட்டியாரைக் கேளுங்கள். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தவர் அவர். அலட்டலே இல்லாத உரைநடை.

ஐம்பது பக்கத்துக்கு மேலும் எழுதியவர் தன்னைத் தவிர யாரையும் பேசவிடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மனசாட்சி உறுத்தத் தேவையில்லை.

10. அடுத்த இடம்

கிரீன்லாந்து முடிந்ததும் நான் போனது மாலத்தீவு. நமக்குப் பக்கம், ஆனால் நாம் படித்ததே இல்லை. 1340களில் இபின் பதூதா அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்து, பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டுப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். 1602இல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், திவேஹி மொழி கற்று ஐந்து வருடம் அங்கே இருந்தார், போக விடாததால். இலங்கையில் அதிகாரியாக இருந்த எச். சி. பி. பெல் இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது ஆள். வீட்டுக்காரர் குரலுக்கு அந்த நாட்டின் சொந்த வரலாற்றேடான தாரீக் இருக்கிறது. காஜி, கைதி, அதிகாரி, ஊர் என்று நாலு பேர். வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வரைபடம் மட்டும் பெரியதாகப் பாருங்கள், சாதாரண அட்லஸில் அந்தத் தீவுகள் அச்சுப் பிழை போலத்தான் தெரியும்.